இல்லை என்று சொல்லும் சப்பாணி

என்னோடு வேலை பார்த்த அக்காவோடு ஓட்டலுக்குப் போவதென்றால் எனக்குக் கூச்சமாக இருக்கும். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கிளப்புக்கடை இருந்தது. சர்வர் வந்து நின்றால் எல்லோரும் இட்லி இருக்கிறதா என்று கேட்பார்கள். அக்கா அப்படிக் கேட்க மாட்டார்.

"இட்லி இல்லைன்னா என்ன தருவீக?"

"இட்லி இருக்குங்க."

"இருக்கட்டும். இல்லைன்னா?"

சர்வர் என்னைப் பார்ப்பான். நான் தண்ணீர் டம்ளரைப் பார்ப்பேன். "பொங்கல் இருக்குங்க" என்பான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. "அதுவும் தீந்துபோச்சுன்னா?" என்று அக்கா அடுத்துக் கேட்பதற்குள் ரெண்டு பிளேட் இட்லி என்று நான் சத்தமாகச் சொல்லிவிடுவேன். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். "கேட்டு வச்சுக்கிட்டா நல்லதுதான தம்பி" என்று சொல்லிவிட்டு, இரும்புச் சட்டம் மாட்டிய வலது காலை இரண்டு கையாலும் தூக்கி பெஞ்சுக்கு அடியில் சரியாக வைத்துக்கொள்வார்.

இப்படியே சிரித்துக்கொண்டு எழுதிப் போகத்தான் எனக்கும் ஆசை. முடியாது. அவரைப் பற்றி எதை எழுத உட்கார்ந்தாலும் பத்து வரிக்குள் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். பெயரைப் போடாமல் எழுதுகிறேன். அந்தப் பெயரைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன். அதை எடுத்துக் கையாள எனக்கு யோக்கியதை கிடையாது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஒரு செட்டியார் வீட்டின் இரண்டாம் கட்டு ஹாலில் இருந்தது எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் முதலாளி, அக்கா, நான், இரண்டு பீரோ அளவுக்கு ஒரு கணிப்பொறி. அவ்வளவுதான். முதலாளி மலேயாவிலிருந்து திரும்பி வந்தவர். ஆலைகளில் கொதிக்கும் தொட்டிகளின் சூட்டை இயந்திரமே பார்த்துக்கொள்ள வேண்டும், மனிதன் பக்கத்தில் நின்று வேகக் கூடாது என்பது அவருடைய கனவு. நல்ல கனவுதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

அந்த ஹாலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் குளிர்ச்சி. சித்திரை மாதத்திலும் சுவரில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். ஆனால் வீடு முதலாளிக்கு மட்டும் சொந்தமானது அல்ல. பங்காளிகள் பதினோரு பேர். எந்தப் பங்காளி வீட்டில் விசேஷம் என்றாலும் பினாங்கிலிருந்தானாலும் வந்து அந்த வீட்டில்தான் நடத்துவார்கள். இடமில்லை என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. அந்த நாட்களில் இயந்திரத்தை நிறுத்தி, மேலே ஒரு பட்டுச் சேலையைப் போர்த்திவிடுவோம். ஆச்சிமார்கள் வந்து அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போவார்கள்.

அக்கா கணக்கில் எம்.எஸ்ஸி. ஆசாரி வீட்டுப் பெண். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவரை முதலாளி தேடிப் பிடித்து அழைத்து வந்தார். எனக்கு அப்போது இருபத்தேழு, அக்காவுக்கு முப்பத்தைந்து இருக்கும். நான் சால்டரிங் இரும்பும் வயருமாகக் கிடப்பேன். நிரல் எழுதுவது அவர்.

அவர் எழுதிக்கொண்டிருந்ததற்கு மானிட்டர் என்று பெயர். வகுப்புக்கு ஒரு மானிட்டர் இருப்பானே, அதே வேலைதான். இயந்திரத்துக்குள் இருக்கும் மற்ற நிரல்களில் எது இப்போது ஓட வேண்டும், எது காத்திருக்க வேண்டும், கடிகாரம் அடித்தால் யாரை எழுப்ப வேண்டும் என்று எல்லாவற்றையும் அடியில் உட்கார்ந்து நடத்துவது. அது தப்புப் பண்ணினால் மேலே ஓடுகிற எதுவும் உருப்படாது. எழுதியும் முடித்துவிட்டார். ஓட்டினால்தான் தெரியும். ஓட்டினால் நின்றது. இயந்திரத்துக்கு நேரம் சொல்ல பம்பாயிலிருந்து வந்த கடிகாரப் பலகை ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. சூடு அளக்கும் கருவி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் முழிக்கும். நின்றுபோனால் குற்றம் மானிட்டருடையதா, கடிகாரத்தினுடையதா, நான் வைத்த சால்டருடையதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. எட்டு நாள் அப்படிப் போயிற்று. தினமும் சாயங்காலம் முதலாளி வந்து வாசற்படியில் நிற்பார். இயந்திரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பங்காளிகள் அவரை "ரெண்டு பீரோ வாங்கினவன்" என்று கேலி செய்துகொண்டிருந்தது எங்களுக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாள் அக்கா சொன்னார். "எல்லாத்தையும் வெளிய எடுத்துருவோம் தம்பி. கடிகாரம் வேணாம், சூட்டுக் கருவி வேணாம். அங்கங்க ஒரு ஒப்புக்குச் சப்பாணியப் போட்டுருவோம்."

நான் விழித்தேன். அவர் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் காட்டினார். மானிட்டர் நேரம் என்ன என்று கேட்டால் நிஜக் கடிகாரத்தைப் பார்க்கும் ரொட்டீன், அதாவது சின்ன நிரல், ஒன்று இருக்கிறதல்லவா, அதை எடுத்துவிட்டு, அதே பெயரில் இந்த நாலு வரி. எப்போது கேட்டாலும் மணி பத்து என்று சொல்லும். சூடு என்ன என்று கேட்டால் தொட்டியைப் பார்க்காமலே அறுபது என்று சொல்ல இன்னொன்று. இயந்திரத்தின் ஞாபகத்தில் இடம் கேட்டால் "இருக்கு" என்று சொல்ல இன்னொன்று. மானிட்டருக்குத் தான் நிஜ உலகத்தில் ஓடுவதாகவே நினைப்பு இருக்கும். இனி அது தடுக்கி விழுந்தால் குற்றம் அதனுடையது மட்டும்தான்.

"பேரு நல்லா வச்சீகக்கா" என்று சிரித்தேன்.

"நான் எங்க வச்சேன். எனக்கு வச்ச பேரு அது" என்றார் அக்கா.

தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும்போது அவரையும் சேர்த்துக்கொள்வார்களாம். அவர் அழுவார் என்பதற்காக. "என்னையத் தொட்டா அவுட்டு கெடையாது. நான் யாரையாச்சும் தொட்டாலும் அவுட்டு கெடையாது. சுத்தி நின்னு எண்ணுறப்ப மட்டும் என்னையும் எண்ணுவாக."

"கோவம் வரலையா?"

"வராம? ஆனா ஒண்ணு தம்பி. ஓடாம ஒரே எடத்துல நின்னேனா, யாரு ஏமாத்துறா, யாரு ஓடத் தெரியாம ஓடுறான்னு எனக்குத்தான் நல்லாத் தெரியும்."

சப்பாணிகளைப் போட்ட மறுநாளே மானிட்டரில் மூன்று தப்புகள் அகப்பட்டன. திருத்தினார். ஐந்தாம் நாள் காலையில் ஓட்டினோம், மத்தியானம் வரை நிற்காமல் ஓடியது. நான் முதலாளியிடம் சொல்ல எழுந்து ஓடினேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"எல்லாரும் ஆமா ஆமான்னா எந்தக் கிறுக்கனும் குடும்பம் நடத்திருவான் தம்பி. இப்ப இல்லைன்னு சொல்ற சப்பாணியப் போடுங்க."

இடம் கேட்டால் இல்லை என்று சொல்லும் சப்பாணி. நேரம் கேட்டால் பதிலே சொல்லாத சப்பாணி. பின்னோக்கி ஓடும் கடிகாரம். முதல் "இல்லை"யிலேயே மானிட்டர் எங்கோ போய் விழுந்தது. இயந்திரத்தின் பதிலை அச்சடிக்கும் டெலிபிரிண்டர் ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க அடித்துத் தள்ளியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா கைதட்டினார். "விழுந்துருச்சு தம்பி! விழுந்துருச்சு!" என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அன்று இரண்டு நோட்டுப் புத்தகம் வாங்கிவரச் சொல்லி, உலகம் எத்தனை விதமாக இல்லை என்று சொல்லலாம் என்று எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே போனார். அக்காவின் இல்லைகளுக்கு முடிவு உண்டா என்று நான் எரிந்துவிழுந்த நாட்கள் உண்டு.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் சோதித்தார். அது எனக்குப் பிடிக்காது. சிவகங்கையிலிருந்து ஒருவர் அவரைப் பெண் பார்க்க வந்தாராம். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. காலைப் பற்றி முன்பே தெரிந்துதான் வந்திருந்தார். காபி குடித்துவிட்டுச் சம்மதம் என்று சொன்னவரிடம் அக்கா, "இன்னொரு காலும் போயிருச்சுன்னா என்ன செய்வீக?" என்று கேட்டிருக்கிறார். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். போய்ச் சேர்ந்து கடிதம் போடுகிறேன் என்றார். கடிதம் வரவில்லை.

"ஏங்க்கா அப்படிக் கேட்டீக?" என்றேன். தாங்கவில்லை எனக்கு.

"பெறகு தெரியிறதுக்கு மொதல்லயே தெரிஞ்சது நல்லதுதான" என்று சிரித்தார். அன்று சாயங்காலம் வரை ஒரே வரியை மூன்று முறை தப்பாக எழுதி மூன்று முறை அடித்தார். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இனிக் கொட்டான் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்று இத்தனை நேரம் பார்த்தேன்.

நிரல்களை அப்போது காகித டேப்பில் ஓட்டை போட்டு வைப்போம். ஒரு ரொட்டீனுக்கு ஒரு சுருள். அந்த வீட்டில் பனை ஓலையில் பின்னிய சாயக் கொட்டான்கள் எக்கச்சக்கமாகக் கிடந்தன. சிவப்புக் கொட்டானில் சப்பாணி டேப்புகள், பச்சைக் கொட்டானில் நிஜ டேப்புகள் என்று வைத்திருந்தோம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், வெறும் ஓட்டைகள். அதனால் ஒவ்வொரு சுருளின் நுனியிலும் பென்சிலால் பெயர் எழுத வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. எழுத வேண்டியவன் நான். கடைசி வாரம் அடித்த ஒன்பது சுருள்களில் எழுதவில்லை. கொட்டானின் நிறம் இருக்கிறதே என்ற நினைப்பு.

அந்த வாரம்தான் பினாங்குப் பங்காளிக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. நாலு நாளில் ஹாலைக் காலி செய்ய வேண்டும். கல்லலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ரசாயன ஆலை எங்கள் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. போர்த்தி வைப்பதற்குப் பதில் நேரே ஆலைக்கே ஏற்றிவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தார்.

"இன்னும் பதினோரு இல்லை பாக்கி இருக்கு மொதலாளி" என்றார் அக்கா.

"பங்காளிககிட்ட நான் என்னத்தம்மா சொல்ல? வந்து எறங்கிட்டாக. ஆலையிலயும் இந்த மாசத்தோட கெடு. இதுல நிக்கலைன்னா பீரோ ரெண்டையும் பழைய இரும்புக்குத்தான் போடணும். நாம மூணு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அக்கா ஒரு நிபந்தனை போட்டார். ஆவியைத் திறந்துவிடும் வால்வை மட்டும் மனிதன் கையிலேயே விட்டுவைப்பது, தான் ஆலைக்கு வந்து பாக்கிச் சோதனையை முடித்த பிறகுதான் இயந்திரத்திடம் கொடுப்பது என்றால் சம்மதம் என்றார். முதலாளி வாக்குக் கொடுத்தார். "சோதித்தவர்" என்ற இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார். இன்னொன்றும் வற்புறுத்தினார். கரண்ட் போனால் வால்வு தானாக மூடிக்கொள்ளும்படி நான் வயரை மாற்ற வேண்டும். "கரண்டு இல்லைன்னு சொன்னா?" என்று கேட்டார். அதை மட்டும் முணுமுணுக்காமல் செய்து கொடுத்தேன்.

மூட்டை கட்டுகிற நாள் காலையில் ஓர் ஆச்சி ஹாலுக்குள் வந்தார். "தம்பி, தாம்பூலத்துக்குக் கொட்டான் பத்தலை. இங்குட்டு இருக்குறத எடுத்துக்கிறவா?"

"எடுத்துக்கங்க ஆச்சி" என்றேன், இயந்திரத்தின் பின்பக்கத்திலிருந்து தலையை எடுக்காமலே. எடுத்துப் பார்த்தபோது எல்லாச் சுருள்களும் ஒரே பிரம்புத் தட்டில் கொட்டிக் கிடந்தன. ஆச்சி அவற்றை ஒழுங்காக வேறு அடுக்கி வைத்திருந்தார், பாவம்.

பெயர் எழுதியவற்றைப் பிரிப்பது சுலபம். எழுதாத ஒன்பதை என்ன செய்வது? அக்காவிடம் சொன்னால் ஒவ்வோர் ஓட்டையாகப் படித்துச் சொல்லிவிடுவார். ஒரு நாள் ஆகும். லாரி வாசலில் நின்றது. அந்த மாதக் கடைசியில் என் வேலையை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். நீளத்தைப் பார்த்துப் பிரித்தேன். சப்பாணி குட்டையாக இருக்கும், நிஜம் நீளமாக இருக்கும். ஏழு சுருளைச் சரியாகத்தான் பிரித்தேன், மிச்சம் இரண்டும் இடம் மாறிப்போயின. சூடு அளக்கும் ரொட்டீனுக்கு மட்டும் இரண்டும் ஒரே இடத்தில் பொருந்த வேண்டும் என்று அக்கா சப்பாணியின் நீளத்தையும் நிஜத்துக்குச் சமமாக்கி வைத்திருந்தார்.

லாரியில் அக்காவை ஏற்றிக்கொள்ளவில்லை. "நீ எப்படித்தா அம்புட்டுத் தூரம் குலுங்கிக்கிட்டு வருவ? வால்வைத்தான் தொடப் போறதில்லையே. தம்பி பாத்துக்கிருவாப்ல" என்றார் முதலாளி. அக்கா டேப் பெட்டியைக் கயிற்றால் இன்னொரு சுற்றுக் கட்டிக் கொடுத்தார்.

ஆலையில் பழைய முள் மீட்டரைக் கழற்றி, அந்தத் துளையில் எங்கள் கருவியைச் சொருகினோம். ஸ்டீம் பார்க்கிறவர் ஒருவர் அங்கே இருந்தார். நாற்பது வயது, நல்ல உடம்பு, தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவார். அன்று அவர் கையால் வால்வைத் திருகிக்கொண்டிருக்க, எங்கள் இயந்திரம் நிமிஷத்துக்கு ஒருமுறை சூட்டை அடித்தது. 60. 60. 60. அவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அட, அறுவதுதான் சார்!" என்று சிரித்தார். பத்து வருஷமாக அந்தத் தொட்டியை அறுபதிலேயே வைத்துப் பழகியவர் அவர். அக்காவும் அதனால்தான் அந்த எண்ணைப் போட்டிருந்தார்.

"பழைய முள்ளு ஒரு நிமிசம் சும்மா இருக்காது சார். ஆடிக்கிட்டே கெடக்கும். ஒங்க மெஷினு வந்ததும் அடங்கி ஒக்காந்துருச்சு" என்றார்.

எனக்கு அப்போதே பகீர் என்றது. அதை விழுங்கிக்கொண்டேன். ஆலை மேனேஜருக்கு ஒரே குஷி. "இம்புட்டுத் துல்லியமா இருக்குல்ல, அப்பறம் எதுக்குக் காத்துக் கெடக்கணும்? நாளைக்கு ரெண்டு மணிக்கு வால்வையும் மெஷின்கிட்டக் குடுத்துருவோம்" என்றார். முதலாளி கொடுத்த வாக்கை நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று தோண்டினால் பென்சில் வரைக்கும் வரும். தலையாட்டிவிட்டு, அச்சடித்த தாளைச் சுருட்டிக்கொண்டு மறுநாள் காலை ரயிலில் காரைக்குடிக்கு வந்தேன்.

வீடு முழுக்கக் கூட்டம், மேளம். அக்கா பின்கட்டில் கிணற்றுப் பக்கம் எனக்காக உட்கார்ந்திருந்தார். தாளைக் கொடுத்தேன். ஒரு முழம் விரித்தார், இன்னொரு முழம் விரித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன தம்பி, எல்லாமே அறுவதா இருக்கு?"

"ஸ்டெடியா இருக்குக்கா."

"கொதிக்கிறது எங்கயாச்சும் ஸ்டெடியா இருக்குமா? இது என் சப்பாணி தம்பி. நான் போட்ட அறுவது." பிறகு, "வால்வு?" என்றார்.

"ரெண்டு மணிக்கு மெஷின்கிட்ட..."

தொட்டி கொதித்தாலும் இயந்திரம் அறுபது என்றே நினைக்கும். ஆலை கேட்டபடி அறுபத்தைந்துக்கு ஏற்றத்தான் அதில் எழுதியிருந்தது, அதனால் இன்னும் சூடு வேண்டும் என்று ஆவியைத் திறந்துகொண்டே போகும். இதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. மணி பத்தரை. முதலாளி போன் பண்ணிச் சொன்னால்தான் மேனேஜர் கேட்பார். போன் முதலாளியின் அறையில், பூட்டிக் கிடந்தது. அக்கா எழுந்தார். சட்டம் போட்ட காலை இழுத்துக்கொண்டு, நெல் குதிருக்கும் அண்டாக்களுக்கும் இடையில் புகுந்து நேராக ஹாலுக்குள் போனார். நான் பின்னால் போனேன்.

கலசத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பங்காளிகள் சுற்றி நின்றார்கள். அக்காவின் கால் இரும்பு தரையில் இடித்த சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள்.

"மொதலாளி, ஆலைக்கு ஒரு போன் போடுங்க. வால்வை மெஷின்கிட்டக் குடுக்க வேணாம்னு சொல்லுங்க. தொட்டி வெடிச்சுரும். ஆளுக செத்துருவாக."

மேளம் நின்றது. அப்படி ஒரு நேரத்தில் அப்படி ஒரு வார்த்தை. ஓர் ஆச்சி வாயில் அடித்துக்கொண்டார். "என்னப்பா, பீரோ வெடிக்குமாமே?" என்றார் ஒரு பங்காளி. இரண்டு பேர் சிரித்தார்கள். முதலாளியின் முகம் சுருங்கியது. கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை அது.

"தம்பி, நீதான நேர்ல பாத்துட்டு வர்ற. சரியா இருக்கா இல்லையா? சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே ஒரு சொல் போதும்.

"சரியாத்தாங்க இருக்கு மொதலாளி" என்றேன்.

"பெறகென்ன. அந்தப் பிள்ளைய அங்குட்டுக் கூட்டிக்கிட்டுப் போங்க ஆச்சி. பதட்டத்துல இருக்கு." மேளம் மறுபடி ஆரம்பித்தது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். தபாலாபீசுக்குப் போய் டிரங்க் கால் பதிந்தாராம், லைன் கிடைக்கவில்லை. மத்தியான ரயிலில் கல்லலுக்கு டிக்கெட் எடுத்தார். நான் பந்தியில் உட்கார்ந்தேன். இனிப்புக்குக் கவுனி அரிசி போட்டார்கள். இலையில் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

மீதியை ஆலை வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஸ்டேஷனிலிருந்து ஆலைக்கு இரண்டு மைல். பாதி வழி மாட்டு வண்டி, பாதி நடை. அக்கா வந்து சேர்ந்தபோது மணி இரண்டு இருபது. உள்ளே விட மாட்டேன் என்று வாட்ச்மேன் குச்சியைக் குறுக்கே நீட்டியிருக்கிறார். அதே நேரம் உள்ளே ஸ்டீம்காரர் தொட்டியில் கையை வைத்துவிட்டுச் சுரீரென்று எடுத்திருக்கிறார். டெலிபிரிண்டர் அறுபது என்கிறது. கை அப்படிச் சொல்லவில்லை. மேனேஜர் தாளைக் காட்டி, "மெஷின் தப்பாச் சொல்லுமாய்யா?" என்றிருக்கிறார். பார்த்துவிடலாம் என்று ஏணியில் ஏறி ஸ்டீம்காரர் மூடியின் திருகைத் தளர்த்தினார். மூடி எகிறியது.

அலறல் கேட்டு வாட்ச்மேன் குச்சியைப் போட்டுவிட்டு ஓட, அக்கா பின்னால் நுழைந்து நேரே மெயின் சுவிட்சுக்குப் போய் இழுத்தார். கரண்ட் போனதும் வால்வு மூடிக்கொண்டது. அடுத்திருந்த இரண்டு தொட்டிகளும் அதே வால்வில்தான் இருந்தன. அவற்றுக்குக் கீழே ஐந்து பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டீம்காரர் உயிர் பிழைத்தார். முகத்தில் ஒரு பாதியும் ஒரு கண்ணும் போயிற்று.

ஒரு வாரம் கழித்து விசாரணை. அதிகாரி ஒருவர் வந்து செட்டியார் வீட்டு முகப்பு அறையில் மேசை போட்டு உட்கார்ந்தார். அக்கா கையெழுத்துப் போட்ட தாள் அவர் முன்னால் இருந்தது. முதலாளி கொடுத்த வாக்கு எந்தத் தாளிலும் இல்லை, அவரும் அதைப் பேசவில்லை.

"டேப்பை மெஷினில் ஏற்றியது யார்?"

"நான்தாங்க" என்றேன். "அவுக குடுத்ததைத்தான் ஏத்துனேன்."

அக்கா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். பெயர் எழுதாத சுருள்களை அவர் அதற்குள் பார்த்திருந்தார். எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நுனியில் யார் எழுத வேண்டியது என்று ஒரு கேள்வி அவர் கேட்டிருந்தால் போதும்.

"எழுதிக்கங்க சார். டேப்பு என்னோடதுதான்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைக் காப்பாற்றத்தான் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அப்படி இருக்காது. ஊரே கூடியிருந்த ஹாலில் அவர் சொன்ன வார்த்தையை ஒருவரும் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு எதைச் சொல்லி என்ன என்று அலுத்துப் போயிருக்கும். அந்த மாதமே ஊரைவிட்டுப் போனார். டீச்சர் வேலை திரும்பக் கிடைக்கவில்லை, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. என் வேலை நிரந்தரமாயிற்று.

இரண்டு வருஷம் கழித்து திருப்பத்தூர்ச் சந்தையில் யாரோ பின்னாலிருந்து "சார்" என்று கூப்பிட்டார்கள். திரும்பினேன். ஸ்டீம்காரர். துண்டை முகத்தின் ஒரு பக்கம் இழுத்துவிட்டிருந்தார். ஓடிப்போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சௌக்கியமா இருக்கீகளா சார்? நானே ஒருதரம் வந்து பாக்கணும்னு இருந்தேன். நீங்க அன்னைக்கு எம்புட்டுப் பக்குவமா எல்லாத்தையும் மாட்டிக் குடுத்தீக. அந்த நொண்டிப் பொம்பள கெடுத்துருச்சே சார். எல்லாம் சொன்னாக எங்கிட்ட." துண்டு நழுவியது. அவர் அதைச் சரிசெய்துகொள்ளவில்லை. ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தார். "அன்னைக்கு மட்டும் நீங்க ஆலையில இருந்துருந்தா எனக்கு இப்படி ஆயிருக்குமா சார்?"

சுற்றிலும் சந்தை இரைச்சல். அவர் பதிலுக்காக நின்றார்.

"ஆயிருக்காது" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். பக்கத்துக் கடையைப் பார்த்து, "சாருக்கு ஒரு டீ போடுப்பா, நல்லாச் சீனி போட்டு" என்றார்.